உடன்பயில்வோர் தரும் காற்பங்கு: ஆசிரியரின் பணிக்கல்வியும் சமூக ஊடகமும்

நன்னூலின் பாயிரத்தில் பவணந்தி முனிவர் ஒரு கணக்கைச் சொல்கிறார். ஆசிரியர் உரைத்ததை மாணாக்கன் குறைவின்றிக் கொண்டாலும் அவனுக்குக் கிட்டுவது புலமையில் காற்பங்கே. உடன்பயில்வோரோடு பழகி ஆராய்வதால் இன்னொரு காற்பங்கு வந்து சேரும். எஞ்சிய அரைப்பங்கு, கற்றதைப் பிறர்க்குச் செம்மையாக எடுத்துரைக்கும்போதுதான் நிரம்பும். 13ஆம் நூற்றாண்டில் எழுந்த இக்கணக்கு மாணாக்கனை நோக்கிச் சொல்லப்பட்டது. ஆயினும் அது ஆசிரியர்க்கே மிகவும் பொருந்தும் என்பது நம் துணிபு. வாழ்நாள் முழுதும் கற்பிப்பவர் வாழ்நாள் முழுதும் கற்கவும் கடமைப்பட்டவர் அல்லரோ?

இன்று நம் ஆசிரியர்களின் கைப்பேசியில் புலனக் குழுக்கள் உள்ளன; டெலிகிராம் அலைவரிசைகள் உள்ளன; முகநூல் பக்கங்களும் வலையொளிப் பாடங்களும் உள்ளன. இவற்றின் வழியே பணிக்கல்வி பெறுவதாகப் பலரும் கூறுகின்றனர். அது உண்மைதானா? உண்மையெனில், நன்னூல் கூறும் நாற்கூற்றில் சமூக ஊடகம் எந்தக் கூற்றைச் சேர்ந்தது? இவ்வினாக்களுக்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

தனித்திருக்கும் ஆசிரியர்

ஜொகூர் மாநிலத்தில் சுமார் 70 தமிழ்ப்பள்ளிகள் இயங்குகின்றன. மாசாய், ஸ்கூடாய் போன்ற நகர்ப்புறங்களில் மாணவர் நிறைந்த பள்ளிகள் உண்டு. அங்கே ஓர் ஐயம் எழுந்தால் ஆசிரியர் அறையில் அடுத்த மேசையில் இருப்பவரைக் கேட்கலாம். குளுவாங், சிகாமட், கோத்தா திங்கி வட்டாரங்களில் தோட்டங்களை ஒட்டி வளர்ந்த சிறு பள்ளிகளின் நிலை வேறு. 150க்கும் குறைவான மாணவர் பயிலும் பள்ளிகளைக் கல்வி அமைச்சு ‘குறைந்த மாணவர் பள்ளி’ என வகைப்படுத்துகிறது. அத்தகைய பள்ளியில் ஓர் ஆண்டுக்கு ஒரு வகுப்பே இருக்கும். மூன்றாம் ஆண்டுக்குத் தமிழ் கற்பிப்பவர் அப்பள்ளியிலேயே அவர் ஒருவர்தாம். சில இடங்களில் இரண்டு ஆண்டு மாணவர்களை ஒரே வகுப்பில் அமர்த்திக் கற்பிக்கவும் நேர்கிறது. தம் பாடம் சரியாக நடந்ததா என்று ஒப்பிட்டுப் பார்க்க அவருக்கு இணை வகுப்பு இல்லை. மாவட்ட அளவில் நடைபெறும் பட்டறைகள் ஆண்டில் சில நாள்களே. ஐயமோ பாடவேளைதோறும் எழுகிறது.

உடன்பயில்வோர் இல்லாத இந்நிலையைத் தொலைவிலிருந்தே நிரப்பும் முயற்சி நம் நாட்டிற்குப் புதிதன்று. 1950ஆம் ஆண்டில் தமிழ் நேசன் நாளிதழ் சுப. நாராயணன், பைரோஜி நாராயணன் ஆகியோரைக் கொண்டு கதை வகுப்பு நடத்தியது. கதை எழுதக் கற்க விரும்பியோர்க்கு நாளிதழே வகுப்பறையாயிற்று. ஊர் ஊராகச் சிதறியிருந்தவர்கள் பங்கேற்றனர். அவர்களுள் ஆசிரியர்களும் இருந்தனர். மலேசியத் தமிழ்ச் சிறுகதை வரலாற்றில் அவ்வகுப்பிற்குத் தனியிடம் உண்டு. அதன் பயன் பாடத்தை அச்சிட்டதோடு முடிந்துவிடவில்லை. கற்போர் எழுதினர், எழுதியதை அறிந்தோர் படித்து மதிப்பிட்டனர். இவ்விரு வழிப் போக்குவரத்தை நாம் நினைவில் இருத்துதல் வேண்டும்; பின்னர் இதற்குத் திரும்புவோம்.

தமிழில் இணையம் பரவத் தொடங்கிய காலத்தில் ஓர் ஆசிரியர் தட்டச்சு செய்த பயிற்சியை மற்றோர் ஆசிரியரின் கணினியில் திறந்தால் பொருளற்ற குறிகளே தோன்றும். எழுத்துருவுக்கு எழுத்துரு குறியீட்டு முறை வேறுபட்டிருந்ததே காரணம். ஒருங்குறி நிலைபெற்ற பின்னரே இத்தடை நீங்கிற்று. மலேசியரான முத்து நெடுமாறன் உருவாக்கிய ‘செல்லினம்’ 2005ஆம் ஆண்டில் வெளிவந்து, கைப்பேசியில் தமிழில் எழுதும் வழியைத் திறந்தது. இவ்வாறு பாதை அமைந்திருந்த நிலையில்தான் 2020 மார்ச் 18ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தது. பள்ளிகள் மூடப்பட்டன. இயங்கலையில் வகுப்பு நடத்துவது எப்படி என்பதை ஆசிரியர்கள் ஒருவரிடமிருந்து ஒருவர் கற்கவேண்டியிருந்தது. அந்நாளில் பெருகிய குழுக்கள் பள்ளிகள் திறந்த பின்னும் கலையவில்லை.

தொலைவில் உள்ளவரின் அறிமுகம் ஏன் பயன்படுகிறது என்பதற்குச் சமூகவியலாளர் மார்க் கிரனோவெட்டர் 1973இல் ஒரு விளக்கம் தந்தார். நமக்கு மிக நெருங்கியவர்கள் பெரும்பாலும் நாம் அறிந்தவற்றையே அறிந்திருப்பர். புதிய செய்தி சற்றே விலகிய அறிமுகங்கள் வழியாகவே வரும் என்பது அவர் கருத்து. மெர்சிங்கில் உள்ள ஆசிரியர்க்குப் பேராக் மாநில ஆசிரியரின் ஒரு குறிப்பு புதிய வெளிச்சமாவது இதனால்தான்.

நாம் செய்த தவறு

பணி ஓய்வுக்குப் பின் நாமும் ஓர் ஆசிரியர் குழுவில் சேர்க்கப்பட்டோம். ஒருநாள் மாலை ஓர் ஆசிரியர், “துணி தைத்தான் என்பதில் ‘த்’ வருமா?” என்று வினவினார். நாம் வெளியே புறப்பட்டுக்கொண்டிருந்தோம். “இரண்டாம் வேற்றுமைத் தொகையில் வல்லினம் மிகாது” என்று ஒரே வரியில் விடை எழுதிவிட்டுச் சென்றோம். நன்றி தெரிவித்துப் பலர் கைகூப்பினர். அவ்வரியை யாரோ வண்ணப் படமாக்கினர். படத்தின் கீழ் நம் பெயரும் இருந்தது. அது வேறு குழுக்களுக்கும் சென்றது.

சில திங்கள் கழித்து உறவினர் இல்லத்தில் ஒரு சிறுமியின் கட்டுரை ஏட்டைப் பார்க்க நேர்ந்தது. ‘துணிக்கடை’ என்று அவள் எழுதியிருந்தாள். ‘க்’ சிவப்பு மையால் அடிக்கப்பட்டிருந்தது. சிறுமி சரியாகவே எழுதியிருந்தாள். அவள் ஆசிரியர் நம் படத்தைப் பின்பற்றியே திருத்தியிருந்தார் என்பதைக் கேட்டறிந்தோம். பிழை அவ்வாசிரியருடையதன்று, நம்முடையது.

நாம் எழுதியது பொய்யன்று, முழுமையற்றது. ‘துணி தைத்தான்’ என்பது ‘துணியைத் தைத்தான்’ என விரியும். இங்கே மறைந்திருப்பது ‘ஐ’ என்னும் உருபு மட்டுமே. ஆகவே வல்லினம் மிகவில்லை. ‘துணிக்கடை’ என்பது ‘துணியை விற்கும் கடை’ என விரியும். இங்கே ‘ஐ’ உருபோடு ‘விற்கும்’ என்னும் சொல்லும் மறைந்துள்ளது. இதனை இரண்டாம் வேற்றுமை உருபும் பயனும் உடன்தொக்க தொகை என்பர். இதில் வல்லினம் மிகும். ‘தமிழ் கற்றான்’ என்பதில் மிகாத வல்லினம் ‘தமிழ்ப்பள்ளி’ என்பதில் மிகுவதும் இவ்விதியாலேதான். நம் விடையை அப்படியே நம்பினால் பள்ளியின் பெயர்ப்பலகையையும் திருத்தவேண்டியிருக்கும்! அதனோடு ஒப்பிட்டுப் பார்க்குமாறு ஒரு சொல் எழுதியிருந்தால் அச்சிறுமியின் ஏட்டில் சிவப்பு மை விழுந்திராது.

திருத்தத்தை நாம் குழுவில் விரிவாக எழுதினோம். ஆனால், தவறு சென்ற இடங்களுக்கெல்லாம் திருத்தம் சென்று சேரவில்லை. படம் சிறியது, கண்ணைக் கவர்வது, திருத்தம் நீண்டது. இந்நிகழ்ச்சி நமக்கு இரண்டு உண்மைகளைக் கற்பித்தது. காரணமும் எடுத்துக்காட்டும் விலக்கும் இல்லாத விடை, அறிந்தவரின் பெயரைத் தாங்கி வந்தாலும் அரைகுறை விடையே. அதைப் பெற்றுக்கொள்வது கற்றல் ஆகாது. பெற்றதைச் சோதித்த பிறகே அது கற்றதாகும்.

ஒரு வினாவும் அதன் பயணமும்

இதற்கு மாறான ஒரு நிகழ்ச்சியையும் கூறுதல் வேண்டும். அதே குழுவில் ஓர் இளம் ஆசிரியை, “ல, ள, ழ வேறுபாட்டிற்குப் பயிற்சித் தாள் இருந்தால் அனுப்புங்கள்” என்று கேட்டிருந்தார். அன்றிரவுக்குள் பத்துக்கும் மேற்பட்ட கோப்புகள் வந்து குவிந்தன. இரண்டு வாரம் கழித்து அவரே மீண்டும் எழுதினார்: எல்லாவற்றையும் செய்வித்தும் ஒரு மாணவன் அதே பிழையைச் செய்கிறான் என்றார். ஒரு மூத்த ஆசிரியர், மாணவனின் பெயரை மறைத்து, அவன் எழுதிய சில வரிகளை மட்டும் அனுப்புமாறு கேட்டார்.

அவ்வரிகளே எல்லாவற்றையும் விளக்கின. அவன் ‘மளை’ என்று எழுதியிருந்தான்; ‘கோளி’ என்று எழுதியிருந்தான்; ‘வாளைப்பளம்’ என்று எழுதியிருந்தான். ஆனால் ‘பள்ளி’, ‘வெள்ளை’, ‘கல்’, ‘பல்’ ஆகியவற்றில் பிழையே இல்லை. மூன்று எழுத்துகளும் அவனுக்குக் குழம்பவில்லை. ழகரம் மட்டும் ளகரமாகிறது. பிழை ஒரே திசையில் செல்கிறது. பேச்சுத் தமிழில் ழகரம் ளகரமாக ஒலிப்பது பரவலான வழக்கு. அவன் தன் வீட்டில் கேட்ட ஒலியைப் பிறழாமல் எழுதுகிறான். அதனைக் கவனக்குறைவு என்று கருதி மூன்று எழுத்துக்கும் சேர்த்துப் பயிற்சி அளித்தால் அவன் உழைப்பில் பெரும்பகுதி வீணாகும்.

பிறகு குழுவில் ஆராய்ச்சி தொடங்கியது. பிழை எங்கே நேர்கிறது என்று அறிய மூன்று சோதனைகளை வகுத்தோம். முதலாவது, செவி. ‘கிளி’, ‘கிழி’ என்றும் ‘வாள்’, ‘வாழ்’ என்றும் ஆசிரியர் ஒலிக்க, மாணவன் உரிய படத்தைத் தொட்டுக் காட்டவேண்டும். இரண்டாவது, நா. படத்தைப் பார்த்து அவனே பெயர் சொல்லவேண்டும். மூன்றாவது, கை. சொல்வதைக் கேட்டு எழுதவேண்டும். செவியில் வேறுபாடு படாதவனுக்கு முதலில் கேட்கும் பயிற்சி வேண்டும். செவியில் பட்டும் ஒலிக்க இயலாதவனுக்கு நாவின் நிலையைக் காட்டவேண்டும்: ளகரத்தில் நாநுனி வளைந்து அண்ணத்தைத் தொடும்; ழகரத்தில் வளைந்தும் தொடாது நிற்கும். ஒலிக்கத் தெரிந்தும் எழுதும்போது பிழைப்பவனுக்குச் சொற்குடும்பம் துணை செய்யும்: வாழ், வாழ்வு, வாழ்க்கை என்று ஒன்றாகக் கற்றால் எழுத்து மனத்தில் நிற்கும்.

ஒரு மாதத்திற்குப் பின் ஆசிரியை விளைவைத் தெரிவித்தார். மாணவனின் குறை செவியிலேயே தொடங்கியது என்றும், கேட்கும் பயிற்சிக்குப் பின் ‘மழை’, ‘கோழி’ ஆகியவை சரியாக வருகின்றன என்றும், ‘வாழைப்பழம்’ மட்டும் இன்னும் தடுமாறுகிறது என்றும் எழுதினார். வேறு மாவட்டத்து ஆசிரியர் ஒருவர் உடனே குறுக்கிட்டார்: தம் வகுப்பில் ழகரம் லகரமாகிறது; ‘வழி’ என்பது ‘வலி’ ஆகிறது; ஆகவே தாம் வேறு சொல்லிணைகளைப் பயன்படுத்தவேண்டும் என்றார். மருந்து ஒன்றே எல்லார்க்கும் பொருந்தாது என்பதை அவ்விருவரும் ஒருவர் வகுப்பை மற்றவர் வகுப்போடு ஒப்பிட்டு அறிந்தனர். உடன்பயில்வோர் தரும் காற்பங்கு என்பது இதுவே. முதலில் வந்த பத்துக் கோப்புகளில் அது இல்லை.

எண்வகை மாணாக்கரும் நம் கைப்பேசியும்

நன்னூல் மாணாக்கரை எட்டுப் பொருள்களோடு ஒப்பிட்டு முத்திறத்தாராக வகுக்கிறது. அன்னமும் பசுவும் தலையாயோர்க்கு உவமை; மண்ணும் கிளியும் இடையாயோர்க்கு; ஓட்டைக் குடமும் ஆடும் எருமையும் நெய்யரியும் கடையாயோர்க்கு. இவ்வுவமைகளைச் சமூக ஊடகத்தில் வைத்துப் பார்த்தால், நம்மையே நாம் காணலாம்.

ஆடு ஒரு செடியில் நிலையாது. ஒரு தழையைக் கடித்ததும் அடுத்த செடிக்குத் தாவும். ஒன்றையும் முடியப் படிக்காமல் விரலால் தள்ளிக்கொண்டே செல்லும் பழக்கம் இத்தகையது. எருமை இறங்கிய குளம் கலங்கும். வினாவை விட்டு வினவியவரோடு பூசலிடுபவர் குழுவைக் கலக்குகிறார். நெய்யரி நெய்யை ஒழுகவிட்டுக் கசடைப் பற்றிக்கொள்ளும். விளக்கத்தை விட்டு வேடிக்கைப் படத்தை மட்டும் சேமிப்பவர் அதனை ஒத்தவர். ஓட்டைக் குடத்தில் வார்த்தது ஒழுகிவிடும்; குழுவில் வந்தது அன்றே மேலே மறைந்து, அடுத்த திங்களில் அதே வினா மீண்டும் கேட்கப்படுகிறது. கிளி கற்பித்ததை மட்டும் சொல்லும். வந்த செய்தியை வந்தபடியே பகிர்வது கிளியின் செயல். மண் உழவரின் உழைப்புக்கு ஏற்ற அளவே விளைவு தரும். கேட்டால் மட்டும் விடையளித்துக் கேளாதபோது வாளா இருக்கும் குழு அத்தகையது.

அன்னம் பாலையும் நீரையும் பிரிப்பது என்பர். விதியையும் விலக்கையும் பிரித்தறியும் ஆசிரியர் அன்னத்தை ஒத்தவர். பசு, புல் கண்ட இடத்தில் நிறைய மேய்ந்து, பின் ஓரிடத்தில் அமர்ந்து அசைபோடும். குழுவில் பெற்றதை அமைதியாக அமர்ந்து தம் வகுப்புக்கு ஏற்ப எண்ணிப் பார்ப்பவர் பசுவை ஒத்தவர். மேய்ச்சலுக்கு நம் காலத்தில் குறைவில்லை. அசைபோடும் நேரமே குறைந்துள்ளது.

பேசாது படிப்போரைப் பற்றியும் ஒரு சொல் கூறவேண்டும். குழுவில் ஒன்றும் எழுதாத இளம் ஆசிரியர்களைச் சிலர் குறை கூறுகின்றனர். ஜீன் லேவும் எட்டியன் வெங்கரும் 1991இல் வெளியிட்ட ஆய்வில் லைபீரியத் தையற்காரர் போன்ற தொழிலாளரிடையே புதியவர் எவ்வாறு கற்கின்றனர் என்று ஆராய்ந்தனர். புதியவர் முதலில் ஓரத்தில் நின்று சிறு வேலைகளைச் செய்து, சிறிது சிறிதாக நடுவிடத்துக்கு வருகிறார்; ஓரத்தில் நிற்பதும் கற்றலின் முறையான படிநிலையே என்பது அவர்கள் முடிவு. ஆகவே, அமைதியாக இருப்பவரை விரட்டுதல் வேண்டா. ஆனால், அவர் என்றேனும் நடுவுக்கு வர இடம் இருக்கவேண்டும். “இது கூடத் தெரியாதா?” என்னும் ஒரு வரி அந்த இடத்தை அடைத்துவிடும்.

நாம் முன்வைக்கும் நடைமுறை

இவற்றையெல்லாம் எண்ணி, ஆசிரியர் குழுக்களுக்குச் சில நடைமுறைகளைப் பரிந்துரைக்கிறோம். வினவுவோர், தமக்கு வேண்டிய கோப்பைக் கேட்குமுன் தம் வகுப்பில் கண்டதைக் கூறுக: எந்த ஆண்டு, எந்தப் பிழை, இதுவரை என்ன செய்தோம் என்னும் மூன்றும் போதும். மாணவரின் எழுத்தை அனுப்பும்போது பெயர், பள்ளி, முகம், புள்ளி ஆகியவற்றை நீக்குக. பிள்ளையின் பிழை ஆசிரியர்க்குப் பாடமாகலாம், பிறர்க்குக் காட்சிப்பொருள் ஆகலாகாது. விடை கூறுவோர் காரணத்தையும் எடுத்துக்காட்டையும் சேர்த்துக் கூறுக. விலக்கு இருப்பின் அதையும் அதே பதிவில் எழுதுக. உறுதியில்லாதபோது இலக்கண நூலையோ அகராதியையோ பார்த்துப் பின் கூறுவது இழுக்கன்று. பிறர் நூலைப் படியெடுத்துப் பரப்புதல் உதவி போலத் தோன்றினும் ஆக்கியோர்க்கு இழைக்கும் தீங்கு என்பதை மறவற்க.

இவற்றினும் இன்றியமையாதது, விளைவைத் திரும்ப வந்து சொல்வது. கதை வகுப்பில் கற்போர் எழுதி அனுப்பினர் என்று முன்னர்க் கண்டோம். விளைவு திரும்பாத குழுவில் விடைகள் பெருகும், அறிவு பெருகாது. மாதம் ஒருவராக முறைவைத்து, அம்மாதத்தின் நல்ல வினா ஒன்றையும் அதன் விடை, காரணம், வகுப்பறை விளைவு ஆகியவற்றையும் ஒரு பக்கத்தில் தொகுத்து வைக்கலாம். பன்னிரண்டு மாதத்தில் பன்னிரண்டு பக்கம் சேரும். சிறியதாயினும் அது நம் மாநில வகுப்பறைகளிலிருந்து எழுந்த மொழி கற்பித்தல் கையேடாகும். ஆசிரியர் கல்விக் கழக மாணவர்க்கும் பயன்படும்.

தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு இப்போது விடை கூறலாம். சமூக ஊடகம் ஆசானின் இடத்தைப் பெறுவதில்லை. அது நம் உடன்பயில்வோரின் வட்டத்தை விரிக்கிறது. மாசாய்க்கும் மெர்சிங்குக்கும் இடையே உள்ள நெடுந்தொலைவைச் சுருக்குகிறது. அது தரக்கூடியது காற்பங்கு. அதனை முறையாகப் பெற்றால் சிறு பள்ளியில் தனித்திருக்கும் ஆசிரியர்க்கு அதுவே பெரும்பேறு. முழுமையும் அதுவே என்று எண்ணினால் ஒரு சிறுமியின் ஏட்டில் தேவையற்ற சிவப்பு மை விழும்.

எஞ்சிய அரைப்பங்கு கைப்பேசியில் இல்லை. நாளைக் காலை, கிளிப் படத்தையும் கிழிந்த தாளின் படத்தையும் மேசைமேல் வைத்துவிட்டு, “எதைச் சொன்னேன்?” என்று ஆசிரியர் கேட்கும் வகுப்பறையில் அது உள்ளது.